ஒரு துறையின் விடை, மற்றொரு துறையின் கருவி

இயற்பியல், வேதியியல், உயிரியல், தொல்லியல், கணினியியல் என்று அறிவைத் துறை துறையாகப் பிரித்துக் கற்பிப்பது பல்கலைக்கழகங்களின் நெடுநாள் வழக்கம். ஆனால் அவற்றின் ஆய்வுக்கூடங்களில் கடந்த சில ஆண்டுகளாக நடந்துவரும் பணிகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், அந்தப் பிரிவுகள் கற்பிப்பவரின் வசதிக்காக ஏற்பட்டவையே தவிர இயற்கையில் அப்படிப்பட்ட வேலிகள் ஏதும் இல்லை என்பது விளங்கும். துகள் இயற்பியலாளர் கண்டறிந்த ஒன்றைக் கொண்டு தொல்லியலாளர் பிரமிடுக்குள் பார்க்கிறார். கணினி மாணவர் எழுதிய நிரலைக் கொண்டு கிரேக்க மொழி அறிஞர் கரிந்த ஏட்டைப் படிக்கிறார். உப்பளத்து நுண்ணுயிரியிடம் கற்ற பாடத்தைக் கொண்டு மருத்துவர் பிறவி நோயைக் குணப்படுத்துகிறார். ஒரு துறையினர் தம் கேள்விக்குத் தேடிக் கண்ட விடை, பல ஆண்டுகள் கழித்து, முன்பின் அறியாத வேறொரு துறையினரின் கைக்கருவியாக மாறுகிறது என்பதே இன்றைய பல்கலைக்கழக ஆய்வுகளின் ஊடே ஓடும் பொதுச்சரடு. அச்சரடைப் பிடித்துக்கொண்டு ஐந்து துறைகளின் அண்மைக்கால ஆய்வுகளை இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது.

கல்லுக்குள் பார்க்கும் கண்

விண்வெளியிலிருந்து இடைவிடாமல் பூமியை வந்தடையும் அண்டக்கதிர்கள் எனப்படுபவை பெரும்பாலும் புரோட்டான் என்னும் நேர்மின் துகள்களே ஆகும். அவை காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள அணுக்கருக்களின்மீது மோதும்போது தெறிக்கும் துகள்கள் நொடிப்பொழுதில் சிதைந்து, மியூவான் என்னும் வேறொரு துகளாக மாறித் தரையை நோக்கிப் பொழிகின்றன. எலெக்ட்ரானின் தன்மைகளைக் கொண்டிருந்தும் அதைவிட ஏறத்தாழ 207 மடங்கு நிறை கூடிய இத்துகளை 1936-ஆம் ஆண்டு கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மேயரும் கண்டறிந்தபோது, பொருள்களின் அடிப்படைக் கட்டமைப்பை அறிவதைத் தவிர வேறு நோக்கம் எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை. விரித்த உள்ளங்கை ஒன்றின் வழியே விநாடிக்கு ஒரு மியூவான் என்ற அளவில் இத்துகள்கள் இரவும் பகலும் மனித உடலைத் துளைத்துச் சென்றுகொண்டே இருக்கின்றன என்றாலும், அதனால் ஒரு தீங்கும் நேர்வதில்லை.

மியூவானுக்கு உள்ள தனிச்சிறப்பு, எக்ஸ் கதிரால் நெருங்கவே முடியாத பாறைத் திண்மையையும் அது பல நூறு மீட்டர் வரை ஊடுருவக்கூடியது என்பதாகும். கடந்துவரும் பொருள் எவ்வளவு தடிப்பாகவும் அடர்த்தியாகவும் இருக்கிறதோ அவ்வளவு மியூவான்கள் வழியிலேயே நின்றுவிடும். நடுவே வெற்றிடம் இருந்தால் அத்திசையிலிருந்து எதிர்பார்த்ததைவிட மிகுதியான மியூவான்கள் வந்து சேரும். ஆகவே ஒரு மலையின் அடியிலோ கட்டடத்தின் உள்ளறையிலோ உணர்கருவியை வைத்து, எந்தத் திசையிலிருந்து எத்தனை மியூவான்கள் வருகின்றன என்று பல மாதங்கள் எண்ணிக்கொண்டிருந்தால், எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெரிவதுபோல உள்ளிருக்கும் அமைப்பு மெல்ல மெல்ல வடிவம் பெறும். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆல்வரெஸ் 1960-களில் எகிப்தின் காஃப்ரே பிரமிடில் இம்முறையைச் செய்து பார்த்து, தாம் ஆராய்ந்த பகுதியில் மறைவான அறை ஏதும் இல்லை என்று அறிவித்தார். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததே அம்முறையின் முதல் வெற்றியாக அமைந்தது.

அதே முறை, கூர்மை கூடிய கருவிகளுடன், கெய்ரோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறையும் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் இணைந்து 2015-இல் தொடங்கிய ஆய்வில் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமையுடைய அக்கட்டடத்தின் பெருங்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் ஒன்று இருப்பதை, வெவ்வேறு வகையான மூன்று உணர்கருவிகள் தனித்தனியே காட்டியதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது. வடக்கு முகப்பின் பின்னால் 9 மீட்டர் நீளத்தில் ஒரு நடைவழி இருப்பதை 2023-இல் உறுதிசெய்த குழுவினர், கற்களின் இணைப்பில் இருந்த சிறு இடைவெளி வழியே மெல்லிய ஒளிப்படக் குழாயைச் செலுத்தி, கட்டியவர்கள் மூடிவிட்டுச் சென்றபின் மனிதக் கண் காணாத அவ்விடத்தை நேரிலும் பார்த்தனர். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் இத்தனையும் அறிய முடிந்தது என்பதே தொல்லியலாளர் பெரிதும் போற்றும் பயனாகும்.

இதே மியூவான்களை எண்ணும் பெரிய தொலைநோக்கி ஒன்று தமிழ்நாட்டில் உதகமண்டலத்தில் இயங்குகிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இந்திய, ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வின் பகுதியாகிய அது, 560 சதுர மீட்டர் பரப்புடையது. இடியுடன் கூடிய மழை வரும்போது மியூவான்களின் எண்ணிக்கை சற்றுக் குறைவதைக் கண்ட ஆய்வாளர்கள், அதற்குக் காரணம் மேகத்தில் தேங்கியிருக்கும் மின்னழுத்தமே என்று உய்த்துணர்ந்து, 2014 டிசம்பர் 1 அன்று நகரின்மேல் வந்த ஒரு மேகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டனர். இடிமேகங்களில் அத்தகைய பெரும் மின்னழுத்தம் உருவாகக்கூடும் என்று 1929-இல் இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன் கூறியிருந்த கணிப்பு, அண்டவெளியை ஆராய அமைக்கப்பட்ட கருவியைக் கொண்டு, நீலகிரியில் மெய்ப்பிக்கப்பட்டது.

விரிக்காமல் படித்த சுருள்

கி.பி. 79-இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் என்னும் கடலோர ஊரில் ஒரு செல்வரின் மாளிகை எரிமலைச் சாம்பலிலும் சேற்றிலும் புதைந்தது. 1750-களில் அதைத் தோண்டியவர்கள், அங்கு முழுமையாகவும் துண்டுகளாகவும் நூற்றுக்கணக்கான பாப்பிரஸ் சுருள்கள் கரிக்கட்டைகளைப் போலக் கிடப்பதைக் கண்டனர். பாப்பிரஸ் என்பது நாணல் வகைத் தண்டைச் சீவி ஒட்டிச் செய்யப்பட்ட பழங்கால எழுதுதாள். பண்டைய உலகின் நூலகம் ஒன்று அப்படியே கிடைத்தும், விரிக்க முயன்ற சுருள்கள் பல பொடிந்து போனமையால், எஞ்சியவற்றைத் தொடாமல் வைத்திருப்பதே அவற்றைக் காக்கும் ஒரே வழியாக இருந்தது.

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் பிரென்ட் சீல்ஸ், சுருளைக் கையால் விரிப்பதற்கு மாறாகக் கணினிக்குள் விரிக்கும் முறையைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார். மருத்துவமனைகளில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் போன்று சுருளின் உட்பகுதியை நுண்ணிய அடுக்குகளாகப் படமெடுத்து, அவ்வடுக்குகளில் தாளின் சுற்று எங்கெங்கே ஓடுகிறது என்று தொடர்ந்து சென்று, அச்சுற்றைத் தட்டையாக நீவிப் பரப்புவது அம்முறை. இஸ்ரேலின் என்-கெடி என்னுமிடத்தில் 1970-இல் கிடைத்த கரிந்த சுருளை அவர் குழுவினர் அவ்வாறு விரித்து, அது எபிரேய விவிலியத்தின் லேவியராகமப் பகுதி என்று காட்டினர். ஆயினும் ஹெர்குலேனியச் சுருள்களில் எழுதப் பயன்பட்ட மை கரியால் ஆனது, தாளும் கரியாகிவிட்டது, எக்ஸ் கதிருக்குக் கரியின்மேல் உள்ள கரி தனியே தெரியாமல் போனதே அங்கு எதிர்ப்பட்ட பெருந்தடையாகும்.

2023 மார்ச்சில் சீல்சும் தொழில்முனைவோர் சிலரும் சேர்ந்து, சின்க்ரோட்ரான் என்னும் துகள் முடுக்கியின் வலிமை மிக்க எக்ஸ் கதிரால் எடுத்த படங்களைப் பொதுவில் வைத்து, படித்துக்காட்டுபவர்களுக்குப் பரிசு அறிவித்தனர். மை பட்ட இடத்தில் தாளின் மேற்பரப்பு வெடித்த களிமண்ணைப் போல மிகச் சிறிதளவு மாறுபட்டிருப்பதை ஒருவர் கண்டறிய, அவ்வேறுபாட்டை அடையாளம் காணும்படி இயந்திரக் கற்றல் நிரல் ஒன்றைப் பழக்கிய லூக் ஃபாரிட்டர் என்னும் நெப்ராஸ்கா பல்கலைக்கழக இளநிலை மாணவர், அவ்வாண்டு அக்டோபரில் 'ஊதா' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். இயந்திரக் கற்றல் என்பது, விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லித் தராமல், எடுத்துக்காட்டுகளை ஏராளமாகக் கொடுத்து அவற்றிலிருந்து ஒழுங்குகளைக் கணினியே பிரித்தறியச் செய்யும் முறை. பின்னர் பெர்லினிலும் சூரிக்கிலும் பயின்ற இரு மாணவர்களுடன் சேர்ந்து அவர் 15 பத்திகளில் 2,000-க்கு மேற்பட்ட எழுத்துகளைப் படிக்கத்தக்கதாக்கி, 2024 பிப்ரவரியில் 7 லட்சம் டாலர் பரிசைப் பெற்றார். இசையும் உணவும் தரும் இன்பத்தின் இயல்பு என்ன என்று ஆராயும் எபிகூரிய மெய்யியல் நூல் அது என்று பாப்பிரஸ் அறிஞர்கள் கருதுகின்றனர். 2025-இல் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள மற்றொரு சுருளின் தலைப்பும் படிக்கப்பட்டு, ஃபிலோடெமஸ் என்னும் மெய்யியலாளர் தீயொழுக்கங்களைப் பற்றி எழுதிய நூல் என்று அது அடையாளம் காணப்பட்டது.

இப்பணியில் கணினியியலாளர், துகள் முடுக்கியை இயக்கும் இயற்பியலாளர், கிரேக்க மொழி அறிஞர் ஆகிய மூவருள் எவர் இல்லாவிட்டாலும் சுருள் கரிக்கட்டையாகவே இருந்திருக்கும். நிரல் காட்டும் கோடு எழுத்தா வெறும் விரிசலா என்று தீர்ப்பதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கையெழுத்துகளைப் பார்த்துப் பழகிய கண் வேண்டியிருந்ததால், செயற்கை நுண்ணறிவு மொழியறிஞரின் பணியை இல்லாமல் ஆக்கவில்லை. அதை முன்னிலும் இன்றியமையாததாகவே ஆக்கியிருக்கிறது.

உப்பளத்து நுண்ணுயிரியும் பிறவி நோயும்

1987-இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோஷிசுமி இஷினோவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு பாக்டீரியாவின் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, ஒரே தொடர் சீரான இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அதன் பொருள் விளங்காமல் அச்செய்தியை மட்டும் பதிவுசெய்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் ஸ்பெயினின் அலிகாண்டே பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ மொகிகா, அருகிலிருந்த உப்பளங்களில் வாழும் நுண்ணுயிர்களில் அதே வகை அமைப்பைக் கண்டார். அத்தொடர்களுக்கு இடையே உள்ள துண்டுகள் வைரஸ்களுடைய டிஎன்ஏவோடு பொருந்துகின்றன என்பதைப் பல ஆண்டு உழைப்பில் உணர்ந்த அவர், தம்மை முன்பு தாக்கிய வைரசின் அடையாளத்தை நுண்ணுயிர்கள் இவ்வாறு சேமித்துவைத்து, அது மீண்டும் வரும்போது இனங்கண்டு எதிர்க்கின்றன என்ற கருத்தை 2005-இல் வெளியிட்டார். அதற்கு முன் இதழ்கள் பல அக்கட்டுரையை ஏற்க மறுத்திருந்தன.

கிரிஸ்பர் என்று பெயர்பெற்ற அத்தற்காப்பு முறையில், வழிகாட்டும் ஆர்என்ஏ ஒன்று காஸ்-9 என்னும் புரதத்தை உரிய இடத்துக்கு அழைத்துச்செல்ல, அப்புரதம் கத்தரிக்கோலைப் போல டிஎன்ஏவை வெட்டுகிறது. அந்த வழிகாட்டியை மாற்றியமைத்தால் விரும்பிய இடத்தில் வெட்ட முடியும் என்று 2012-இல் பெர்க்லியின் ஜெனிஃபர் டௌட்னாவும் அந்நாளில் சுவீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம்மானுவேல் ஷார்ப்பாந்தியேயும் காட்டி, அதற்காக 2020-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். அம்முறையில் உருவான முதல் மருத்துவம் 2023-இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அது குணப்படுத்துவது, குருதியின் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து நுண்குழல்களை அடைத்துத் தாங்கொணா வலியைத் தரும் அரிவாள் செல் சோகையை. கருவில் இருக்கும்போது குழந்தைக்குச் சுரக்கும் வேறு வகை ஹீமோகுளோபின் பிறந்தபின் நின்றுபோகும். அதை நிறுத்தும் மரபணுச் சாவியைக் கிரிஸ்பரால் செயலிழக்கச் செய்து, நோயாளியின் உடல் மீண்டும் அந்த நல்ல ஹீமோகுளோபினைச் சுரக்கும்படி செய்கின்றனர்.

இந்நோய் தமிழ் வாசகர்களுக்கு எட்டாத தொலைவில் உள்ளதன்று. இந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதன்முதலில் அறியப்பட்டதே 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். இன்றும் இந்தியாவில் இந்நோயின் சுமையைப் பெரும்பாலும் பழங்குடியினரே சுமக்கின்றனர். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலையோ ஒருவருக்கு 22 லட்சம் டாலர் என்பதால், அறிவியல் கண்ட தீர்வை மலையடிவாரச் சுகாதார நிலையம் வரை கொண்டுசேர்ப்பதும் கண்டுபிடிப்புக்கு நிகரான ஆராய்ச்சிப் பணியே என்பதை வலியுறுத்தாமல் இருக்க முடியாது. மருந்தை விரைவில் உருவாக்குவதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. டிஎன்ஏவை வெட்டாமல் அதன் ஓர் எழுத்தை மட்டும் திருத்தும் முறையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லியூவின் குழு 2016-இல் உருவாக்கியது. உடலில் சேரும் அம்மோனியாவை வெளியேற்ற இயலாத அரிய பிறவிக் கோளாறுடன் பிறந்த ஒரு குழந்தைக்கு, அதன் மரபணுப் பிழைக்கென்றே தனியாக வடிவமைத்த மருந்தை, அம்முறையைக் கொண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தையும் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையையும் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ ஆறு மாதங்களில் ஆயத்தம் செய்து, 2025 பிப்ரவரியில் செலுத்தினர்.

சென்னையில் வரைந்த வரைபடம்

உயிரின் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். இருபது வகை அமினோ அமிலங்கள் மணிகளைப் போல ஒரு சரத்தில் கோக்கப்பட்டு, அச்சரம் தானாகவே மடிந்து சுருண்டு ஒரு குறிப்பிட்ட வடிவத்தை அடையும்போதுதான் புரதம் தன் வேலையைச் செய்யத் தகுதி பெறுகிறது. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி. என். ராமச்சந்திரன், தோலுக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிற்றைப் போன்றது என்பதை கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1950-களின் நடுப்பகுதியில் காட்டினார். பின்னர் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது: சரத்தின் ஒவ்வொரு மணியிலும் இரண்டு இடங்களில் திருகிக்கொள்ள முடியும் என்றால், அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் எந்தெந்தக் கோணங்களில் திருகலாம்? அதற்கு விடையாக 1963-இல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம், ஒரு புரத வடிவத்தை ஒருவர் சரியாகக் கணித்திருக்கிறாரா என்று பார்ப்பதற்கு உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் இன்றும் பயன்படும் உரைகல்லாக விளங்குகிறது.

இயற்கையில் உள்ள புரதத்தின் வடிவத்தை அறிவதிலிருந்து, இயற்கையில் இல்லாத புரதத்தை வேண்டிய வடிவில் ஆக்குவதை நோக்கி இத்துறை இன்று நகர்ந்திருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கரும் குழுவினரும் 2003-இல் டாப்-7 என்னும் அத்தகைய புதுப் புரதத்தை முதலில் கணினியில் வடித்து, பின்பு ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினர். 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி அவருக்கும், மறு பாதி, செயற்கை நுண்ணறிவால் புரத வடிவங்களைக் கணிக்கும் முறையை உருவாக்கிய டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது.

பேக்கரின் ஆய்வுக்கூடமும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாட்டு உழவர்களுக்கு நேரடித் தொடர்புடையது. நல்லபாம்பு முதலியவற்றின் நஞ்சில் உள்ள, மூன்று விரல்களை நீட்டியது போன்ற வடிவுடைய நச்சுப் புரதங்களைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் சிறு புரதங்களை அவர்கள் கணினியில் வடிவமைத்து, கொல்லக்கூடிய அளவு நச்சு செலுத்தப்பட்ட எலிகளை அவை காப்பதைக் காட்டினர். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இன்று கைவசம் உள்ள ஒரே மருந்து, சிறிது சிறிதாக நஞ்சு ஏற்றப்பட்ட குதிரைகளின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் நச்சுமுறி. அதற்கு வேண்டிய நஞ்சை, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், தலைமுறை தலைமுறையாகக் கற்ற திறத்தால் எடுத்து வழங்கிவருகின்றனர். புதிய புரதங்கள் எலிகளைத் தாண்டி மனிதர்களிடம் சோதிக்கப்பட இன்னும் நெடுவழி உண்டு. அவ்வழி முடியும் வரை இருளரின் கைத்திறமே வயலில் கடிபட்டவரின் உயிர்க்காவலாக நிற்கும்.

மூளையின் நிலப்படம்

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்துள்ளன என்ற முழு நிலப்படம் இல்லாமல் மூளை எப்படிச் சிந்திக்கிறது என்று அறிய முயல்வது, தெருக்களை அறியாமல் ஊரின் வாழ்வை விளக்க முயல்வதற்கு ஒப்பானது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாலா மூர்த்தியும் செபாஸ்டியன் சியுங்கும் தலைமையேற்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு, வளர்ந்த பழ ஈ ஒன்றின் மூளைக்கு அத்தகைய நிலப்படத்தை 2024 அக்டோபரில் நிறைவுசெய்தது. கசகசா விதையளவே உள்ள அம்மூளையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆயிரக்கணக்கான மெல்லிய சீவல்களாகப் படம்பிடித்து, ஒவ்வொரு நரம்பணுவும் எந்தெந்தச் சீவல் வழியே செல்கிறது என்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தொடர்ந்து, அதன் பிழைகளை மனிதர்கள் கண்ணால் பார்த்துத் திருத்தி உருவான அப்படத்தில் 1,39,255 நரம்பணுக்களும் அவற்றுக்கிடையே 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளும் பதிவாகியுள்ளன. திருத்தும் பணியில் ஆய்வாளர்களோடு பொதுமக்களுள் ஆர்வலர் பலரும் பங்கேற்றது இம்முயற்சியின் தனிச்சிறப்பு. மனித மூளையைப் பற்றிய பெரும்பணி ஒன்று சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் நடந்துவருகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை உயிரணு அளவில் காட்டும் 'தரணி' என்னும் முப்பரிமாணப் படத்தொகுப்பை 2024 டிசம்பரில் அம்மையம் வெளியிட்டு, உலகில் எவரும் பயன்படுத்தும்படி திறந்துவைத்தது.

நிலப்படம் வரைவது நெடுங்காலப் பணி என்றால், மூளையின் சைகைகளைப் படித்து உடனடி உதவி செய்யும் பணி அதற்கு இணையாக நடக்கிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் அறிவு தெளிவாக இருந்தும் பேச்சை இழந்துவிடும் நோயாளிகள், பேச முயலும்போது மூளையில் எழும் மின்சைகைகளை நுண்ணிய மின்முனைகள் வழியே எடுத்துச் சொற்களாக மாற்றும் முறையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2023-இல் நிமிடத்துக்கு 62 சொற்களை எட்டினர். அதற்கடுத்த ஆண்டு டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர், அத்தகைய நோயாளி ஒருவரிடம் 97 விழுக்காடு வரை பிழையின்றிச் சொற்களைப் பெற்றனர். அவர் நோய்க்கு முன் பேசியிருந்த பதிவுகளைக் கொண்டு, அவருடைய சொந்தக் குரலைப் போன்றே அவற்றை ஒலிக்கவும் செய்தனர். நரம்பியல் அறுவை மருத்துவரும், மின்னணுப் பொறியாளரும், மொழியியல் அறிந்த கணினியியலாளரும் ஒரே அறையில் அமர்ந்து பணியாற்றியதன் விளைவு அது.

சரிபார்ப்பு என்னும் அறம்

இத்தனை ஆய்வுகளின் முடிவுகளும் நம்பத்தக்கவை என்று கொள்ளப்படுவதற்குக் காரணம், அவற்றைச் செய்தவர்களின் புகழன்று. பிறர் அவற்றைச் சோதித்துப் பார்க்க முடிந்ததே ஆகும். ஆய்வுக் கட்டுரையை இதழில் வெளியிடுமுன் அத்துறை அறிந்த பிறர் படித்துக் குறைகளைச் சுட்டுவது சக மதிப்பீடு எனப்படுகிறது. வெளியானபின் பிற ஆய்வுக்கூடங்கள் அதே சோதனையை மீண்டும் செய்து பார்ப்பது அதைவிடக் கடுமையான தேர்வு. 2023 ஜூலையில் தென் கொரிய ஆய்வாளர்கள் சிலர், எல்கே-99 என்னும் பொருள் அறை வெப்பநிலையிலேயே மின்தடை சிறிதும் இன்றி மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அறிவித்தபோது உலகமே பரபரப்படைந்தது. அது மெய்யாக இருந்திருந்தால் மின்கம்பிகளில் வீணாகும் ஆற்றல் முழுவதையும் மிச்சப்படுத்தும் வழி பிறந்திருக்கும். சில வாரங்களுக்குள் இந்தியா, சீனா, ஐரோப்பா, அமெரிக்கா என்று பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அப்பொருளைத் தாமே ஆக்கிப் பார்த்தன. தூய்மையான நிலையில் அது மின்கடத்தாப் பொருளே என்பதும், கலந்திருந்த செப்புச் சல்ஃபைடே அந்தத் தோற்றத்தைத் தந்தது என்பதும் தெளிவாயின. பரபரப்பு அடங்கியதை அறிவியலின் தோல்வி என்று கொள்வது தவறு. விரும்பத்தக்க செய்தியாக இருந்தும், அது பொய் என்று சில வாரங்களில் கூட்டாகக் கண்டறிய முடிந்ததே அறிவியலின் வலிமை.

விதைநெல்லும் வேலியும்

மியூவான் கண்டறியப்பட்ட 1936-க்கும் பிரமிடின் வெற்றிடம் அறிவிக்கப்பட்ட 2017-க்கும் இடையே 81 ஆண்டுகள். ஒசாகாவில் விளங்காத தொடர் பதிவான 1987-க்கும் மருந்து ஒப்புதல் பெற்ற 2023-க்கும் இடையே 36 ஆண்டுகள். சென்னையில் வரைபடம் வெளியான 1963-க்கும் நல்லபாம்பின் நச்சைப் பற்றும் புரதம் வெளியான 2025-க்கும் இடையே 62 ஆண்டுகள். ஆய்வு தொடங்கும் நாளிலேயே அதன் பயன் என்ன என்று கேட்டு, விடை சொல்ல முடியாதவர்களுக்கு நிதியை மறுத்திருந்தால், இம்மூன்றுள் எதுவும் நடந்திருக்காது. எழுப்பப்படும் கேள்விகள் எல்லாமே என்றேனும் பயன் தரும் என்று சொல்வதற்கில்லை. எது தரும் என்பதை முன்கூட்டி அறியும் வழி எவருக்கும் இல்லை என்பதே மெய். அதனால்தான், எவ்வளவு வறட்சியிலும் விதைநெல்லை உலையில் இடாமல் காத்த உழவரைப் போல, உடனடிப் பயன் தெரியாத கேள்விகளையும் உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு ஒரு சமூகத்துக்கு உண்டு. அதற்கென்று சமூகம் கட்டிவைத்த களஞ்சியமே பல்கலைக்கழகம்.

களஞ்சியம் மட்டும் போதாது. அதில் உள்ளவை ஒன்றோடொன்று கலக்கவும் வேண்டும். கணினி படிக்கும் மாணவருக்குக் கிரேக்கச் சுருளைப் பற்றியும், தொல்லியல் படிக்கும் மாணவருக்கு மியூவானைப் பற்றியும், இயற்பியல் படிக்கும் மாணவருக்குக் கொலாஜனைப் பற்றியும் காதில் விழும் வாய்ப்பு இருந்த இடங்களில்தான் மேலே சொன்ன கண்டுபிடிப்புகள் பிறந்தன. தமிழ்நாட்டில் அதற்கு முன்மாதிரியைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. உயிரியலுக்குரிய கேள்வி ஒன்றை இயற்பியல் துறைக்குள் கொண்டுவந்து, இடிக்காத கோணங்கள் எவை என்று மூவர் பொறுமையாகக் கணக்கிட்டது சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான். இன்று பள்ளியில் பயிலும் ஒரு மாணவி நாளை அதுபோன்ற கேள்வியோடு தன் துறையின் வாசலைத் தாண்டி அடுத்த துறைக்குள் நுழையும்போது, அங்கே அவருக்கு ஓர் இருக்கையும் கருவியும், விடை கிடைக்கும் வரை காத்திருக்கும் பொறுமையும் இருக்குமாறு பார்த்துக்கொள்வதே, அறிவியலின் பயனை நுகரும் ஒவ்வொருவரும் அதற்குச் செய்யத்தக்க கைம்மாறு.